அம்மாவின் குரலுக்கு ஒரு நகல்

அத்தியாயம் 11

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே ரூடி ஹார்யு எழுந்து, சத்தம் காட்டாமல் சமையலறைக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடி படுக்கையறையில் இருந்தது. எடுக்கப் போனால் மனைவி ஆர்லீன் விழித்துக்கொள்வாள் என்று அப்படியே விட்டுவிட்டார்.

வெளியே ஏரிப் பக்கமிருந்து பனி வீசிக்கொண்டிருந்தது. மார்ச் பிறந்த பிறகும் ஆஷ்டபுலா ஊரை விட்டுப் போக அதற்கு மனசு வரவில்லை.

ரூடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். ஒரு மாதமாக இதுதான் வழக்கம். மனைவி எழுவதற்கு முன்னால் அவள் குரலை ஒரு தடவை கேட்பார். அப்புறம்தான் காபி. பிள்ளைகள் இருவருக்கும் இது தெரியாது. ஆர்லீனுக்குத் தெரியுமா என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை.

ஆர்லீனுக்கு வந்த நரம்பு நோய் முதலில் கைகளைப் பிடித்தது. பிறகு கால்கள். பிறகு நாக்கு. பேச்சும் போய்விடும் என்று டாக்டர் சொன்ன அன்று அவள் அழவில்லை. குரலை எடுத்து வைக்க வழி இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருந்தது. அவர்கள் கொடுக்கிற வாக்கியங்களை எல்லாம் படித்துப் பதிவு செய்து அனுப்பினால், அவளுடைய குரலிலேயே கருவி பேசும்படி ஒரு நிறுவனம் செய்து கொடுக்கும்.

ஓய்வு பெறும்வரை பள்ளிப் பேருந்துகளுக்கு ரேடியோவில் வழி சொல்கிற வேலை பார்த்தவள் அவள். பனி கொட்டுகிற காலைகளில் ஊரில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டுத்தான் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் மாட்டுவார்கள். அந்தக் குரலை இலையுதிர் காலம் முழுக்க, நாக்கு தடிக்கத் தடிக்க, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இந்தச் சமையலறை மூலையில் உட்கார்ந்து அவள் பதிவு செய்தாள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்கியங்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவளால் ஒரு சொல்லைக்கூட முழுசாகச் சொல்ல முடியவில்லை. போன மாதம் அந்த அரைகுறைப் பேச்சும் நின்றது.

இப்போது கண் அசைவைப் படிக்கிற ஒரு திரை அவள் படுக்கைக்கு மேலே தொங்குகிறது. அவள் எழுத்து எழுத்தாகப் பார்ப்பாள். அது சேர்த்துப் பேசும். ஆனால் அந்தக் குரல் கருவியோடு வந்தது. யாரோ ஒரு பெண்ணின் குரல். ஆர்லீன் அதற்கு 'அந்தப் பொம்பளை' என்று பெயர் வைத்திருந்தாள்.

ரூடி தேடியது, கொடுத்த வாக்கியங்களில் இல்லாத ஒன்று. அவளாகவே கடைசியில் சேர்த்தது. "ரூடி, பூட்ஸைக் கழட்டிட்டு உள்ளே வா." நாற்பது வருஷக் குடித்தனத்தில் தினமும் கேட்ட வாக்கியம்.

அவள் பதிவுகள் எல்லாம் இருந்த ஃபோல்டரைத் தொட்டுவிட்டு, கீழே போகிற அம்புக் குறியைத் தட்டப் போனார். கண்ணாடி இல்லை, விளக்கும் இல்லை. விரல் அதற்கு மேலே இருந்த வேறொரு பொத்தானில் விழுந்தது. திரையில் ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. கம்ப்யூட்டர் எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். ரூடி எப்போதும் 'சரி' என்றுதான் சொல்வார். சொன்னார். இது குப்பைத் தொட்டியில் கொள்ளாத அளவுக்குப் பெரியது, அடியோடு அழித்துவிடட்டுமா என்று அது கேட்டிருந்தது.

பச்சைக் கோடு ஒன்று ஓடி முடிந்தது. ஃபோல்டர் இருந்த இடம் காலியாக இருந்தது.

அவர் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். குப்பைத் தொட்டியையும் திறந்து பார்த்தார். நிலக்கரித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். தப்பான நெம்புகோலை இழுத்துவிட்டால் அது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அப்போதுதான் மேஜை ஓரத்தில் இருந்த கறுப்பு டிஸ்க் கண்ணில் பட்டது. உள்ளங்கை அளவு பெட்டி, ஓரத்தில் ஒரு சின்ன நீல விளக்கு. வியாழக்கிழமை மகள் டெனிஸ் வாங்கி வந்து, கம்ப்யூட்டரில் உள்ளதை எல்லாம் அதில் நகல் எடுத்து வைத்திருந்தாள். இருக்கிறது. அதில் இருக்கிறது.

ரூடி மூச்சை விட்டார். மகன் கிரெய்க் பத்து மணிக்கு வருகிறான். அவனைத் தனியாகப் பிடித்துச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் எடுத்துப் பழையபடி போட்டுவிடுவான். டெனிஸ் காதில் விழ வேண்டாம். கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள் என்று அவள் இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

எழுந்து போய்க் காபி போட்டார்.

* * *

டெனிஸ் எட்டு மணிக்கு வந்தாள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் வேலைக்கு முன்பும் பின்பும், சனி ஞாயிறு முழு நாளும் அம்மாவுக்கு. உடம்பு துடைத்து, துணி மாற்றி, வயிற்றுக் குழாய் வழியாக உணவு கொடுத்து, இரவு முழுக்க மூச்சுக்காக மாட்டியிருந்த முகமூடி பதித்த தழும்புக்குக் களிம்பு தடவினாள்.

அந்த முகமூடி இனி அதிக நாள் போதாது. தொண்டையில் துளையிட்டு மூச்சுக் கருவியை நிரந்தரமாகப் பொருத்த வேண்டும், அல்லது பொருத்தாமல் விட்டுவிட வேண்டும். ஈஸ்டருக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார் டாக்டர். போன வாரம் ரூடியும் டெனிஸும் பக்கத்தில் நிற்க, கிரெய்க் போனில் கேட்டுக்கொண்டிருக்க, ஆர்லீன் சொன்னது இதுதான்: "முதல்ல என் குரல் வரட்டும். அப்புறம் சொல்றேன்." கிரெய்க் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். டெனிஸ் எதுவாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

கொலம்பஸிலிருந்து பனியில் ஊர்ந்து கிரெய்க் வந்து சேர்ந்தபோது பத்தரை. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிறவன். அம்மாவின் பதிவுகளை அந்த நிறுவனத்துக்கு அனுப்பி வைக்கிற வேலை அவனுடையது. டெனிஸ் ஒரு தடவை முயன்று பார்த்தாள். இந்தச் சாலையில் இன்டர்நெட் ஆமை வேகம், பாதியில் அறுந்துபோனது. நானே வந்து அனுப்புகிறேன் என்று கிரெய்க் சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

நேரே அம்மாவிடம் போய்க் குனிந்து நெற்றியில் முத்தமிட்டான்.

"இன்னிக்கு அனுப்பிடறேன்மா."

ஆர்லீனின் கண்கள் திரையில் மெதுவாக நகர்ந்தன. அந்தப் பொம்பளை பேசினாள்.

"மூணு சனிக்கிழமையா இதைத்தான் சொல்றே."

"இல்லம்மா, சத்தியமா இன்னிக்கு. திரும்பிப் போறப்ப பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போயி ஆபீஸ்லேருந்து அனுப்பிடுவேன். இனிமே நீ இவளைப் பொறுத்துக்க வேண்டாம்."

"நல்லது. இவ பேசினா பேங்க்குல லைன்ல காத்திருக்கச் சொல்ற மாதிரி இருக்கு."

கிரெய்க் சிரித்தான். டெனிஸும் சிரித்தாள். வாசலில் நின்ற ரூடி மட்டும் சிரிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

சமையலறைக்கு வந்ததும் கிரெய்க் கறுப்பு டிஸ்க்கைப் பார்த்தான். இது என்ன என்று கேட்டான். டெனிஸ் சொன்னாள். கம்ப்யூட்டர் ஒரு வாரமாக டிக் டிக் என்று சத்தம் போட்டது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவனுக்கு போன் பண்ணி மூன்று பேக்கப் சாஃப்ட்வேர்களின் பெயரைப் படித்துக் காட்டி எது நல்லது என்று கேட்டாள். அவன் ஏதோ மீட்டிங்கில் இருந்தான். எதையாவது போடு, சனிக்கிழமை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான். அவள் இலவசமாகக் கிடைத்ததைப் போட்டாள். கண்ணாடி மாதிரி இங்கே உள்ளதை அப்படியே அங்கே காட்டும் என்று அதில் எழுதியிருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமைதோறும் நண்பகலில் தானாக ஓடும்படி வைத்திருந்தாள்.

கிரெய்க் அந்த சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்துத் தலையை ஆட்டினான்.

"இது பேக்கப்பே இல்லை, டெனிஸ்."

"நகல் எடுத்துதே. நானே திறந்து பார்த்தேன். எல்லாம் இருக்கு."

"இருக்கு. ஆனா இங்கே ஒண்ணு அழிஞ்சா அடுத்த தடவை ஓடறப்ப அங்கேயும் அழிச்சிடும். கண்ணாடின்னா அதுதானே அர்த்தம். முன்னாடி நிக்கறவன் போயிட்டா கண்ணாடியிலே யாரு இருப்பா?"

பேச்சு கொஞ்சம் சூடாகவே நடந்தது. அப்படியானால் இன்டர்நெட் வழியாக வெளியே எங்கேயாவது வைக்கிற சாஃப்ட்வேரை எடுக்கலாமே என்றாள் அவள். இந்த வேகத்தில் முதல் நகல் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும் என்றான் அவன். தவிர, தன்னுடைய பேச்சு முன்பின் தெரியாதவன் கம்ப்யூட்டரில் கிடப்பது அம்மாவுக்குப் பிடிக்காது. அவன் சொன்னது வேறு ஒன்று. மொத்த கம்ப்யூட்டரையும் அப்படியே படம் பிடித்த மாதிரி எடுத்து வைக்கும். நேற்று எப்படி இருந்தது, போன வாரம் எப்படி இருந்தது என்று பழைய நிலைகளையும் வைத்திருக்கும். ஒன்றை அழித்தாலும் முந்தின நாளுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம். அவனுடைய ஆபீஸிலும் அதுதான்.

அவன் சொன்னது எல்லாம் சரி. டெனிஸுக்கும் அது புரிந்தது. புரிந்ததாலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"மூணு வாரம் முன்னாடி வந்து இதைப் போட்டிருந்தா நான் ஏன் இலவசத்தைத் தேடிட்டு நிக்கப்போறேன்?"

கிரெய்க் தான் கொண்டுவந்த சாஃப்ட்வேரை ஏற்றத் தொடங்கினான்.

இந்தச் சமயத்தில்தான் ரூடி, கிரெய்க், ஒரு நிமிஷம் இங்கே வா என்று கூப்பிட்டார். இதை முடித்துவிட்டு வருகிறேன்பா என்று அவன் திரும்பாமலே சொன்னான். அதற்குள் மருந்துக் கடையிலிருந்து போன். ஆர்லீனின் தசைப்பிடிப்பு மாத்திரை வந்துவிட்டது. இன்று பன்னிரண்டுக்குக் கடையை மூடுகிறார்கள். ரூடி கோட்டை மாட்டினார். வாசலில் ஒரு கணம் நின்றார். டெனிஸ் அண்ணன் தம்பி இல்லாதவள் போல, தம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இப்போது சொன்னால் அந்தக் கோபம் முழுக்கத் தன் மேல் திரும்பும். நகல்தான் இருக்கிறதே, வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நினைத்ததும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பனியில் இறங்கினார்.

* * *

கம்ப்யூட்டரில் இடம் கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்தது. ஆனாலும் கிரெய்க் கொண்டுவந்த சாஃப்ட்வேர் எப்படியோ ஏறிக்கொண்டது. நேற்றுவரை இவ்வளவு காலி இடம் இல்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

ஏறி முடிந்ததும் அது வெளி டிஸ்க்கைத் தனக்கு ஏற்றபடி தயார் செய்துகொள்ளட்டுமா, அதில் உள்ளது எல்லாம் போய்விடும் என்று எச்சரித்தது. கிரெய்க் அதை உரக்கப் படித்தான்.

டெனிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றாள்.

"உன்னுது முடியற வரைக்கும் என்னுது அப்படியே இருக்கட்டுமே."

"ரெண்டுக்கும் இதுல இடம் பத்தாது. எல்லாம் கம்ப்யூட்டர்லதானே இருக்கு. மதியத்துக்குள்ளே ஒழுங்கான நகல் வந்துடும்."

"ஒரு தடவை பார்த்துக்கோ."

"என்னத்தைப் பார்க்கறது? இலவசக் குப்பையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?"

இந்தச் சொல் அவளைக் குத்தியது. நீயே பண்ணு என்று சொல்லிவிட்டு அம்மாவின் அறைக்குப் போய்விட்டாள். கிரெய்க் 'சரி' என்று அழுத்தினான்.

நீல விளக்கு வேகமாக மினுங்கத் தொடங்கியது. அவன் அக்கா கொண்டுவந்திருந்த ஏலக்காய் ரொட்டியில் ஒரு துண்டு வெட்டி, நின்றபடியே தின்றான். அவள் மேல் எரிந்து விழுந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. மூன்று மணி நேரப் பயணம், மூன்று வாரக் குற்ற உணர்ச்சி, எல்லாம் சேர்ந்து அவள் மேல் இறங்கிவிட்டது. நகல் முடிந்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

ரூடியின் வண்டி ரயில் பாலத்துக்குக் கீழே பனியில் சிக்கி, யாரோ இருவர் தள்ளிவிட்டு, அவர் வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றாகியிருந்தது. மருந்தைக் கொடுத்துவிட்டு, டெனிஸ் உள்ளே இருப்பதை உறுதி செய்துகொண்டு, மகனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அம்மாவோடதை டெனிஸோட டிஸ்க்லேருந்து எடுத்துட்டியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எதுக்கு அதுலேருந்து எடுக்கணும்? இதுலயே இருக்கே."

"இதுல இல்லைடா. காலையில என் கை பட்டு அழிஞ்சு போச்சு. அதுல இருக்கு. அதான் உன்கிட்ட..."

அவர் முடிக்கவில்லை. மகனின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரெய்க் ஃபோல்டர் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தான். மூடித் திறந்தான். பிறகு கையை நீட்டிக் கம்ப்யூட்டரின் மின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினான். கறுப்பு டிஸ்க்கின் விளக்கும் அணைந்தது.

"என்னடா ஆச்சு?"

"அதை அழிச்சிட்டேன்பா," என்றான் கிரெய்க். "அழிச்சிட்டு அது மேலயே எழுதிட்டிருக்கேன். ரெண்டு மணி நேரமா."

* * *

கார் டிக்கியில் அவனுடைய ஆபீஸ் லேப்டாப் இருந்தது. அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேரும் அதில் இருந்தது. கம்ப்யூட்டரைத் திருகாணி கழற்றித் திறந்து, உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்து லேப்டாப்பில் மாட்டினான். சத்தம் கேட்டு வந்த டெனிஸுக்கு ரூடியே சொன்னார். தானாக, முழுவதும், நடந்த வரிசையில் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"பத்தரைக்கு அவன் வந்தப்ப நீங்க இங்கேதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"அப்ப சொல்லியிருந்தா?"

ரூடி தலையைக் குனிந்துகொண்டார்.

உன்னுடைய சாஃப்ட்வேரும் பன்னிரண்டு மணிக்கு ஓடி அதே வேலையைத்தான் செய்திருக்கும் என்றான் கிரெய்க், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னானா, அவளைக் குத்தச் சொன்னானா என்று தெரியவில்லை. டெனிஸ் கத்தவில்லை.

"பன்னிரண்டுக்குத்தான் ஓடியிருக்கும், கிரெய்க். நீ பதினொண்ணுக்கே பண்ணிட்டே. பார்த்துக்கோன்னு சொன்னேன்."

ஒரு மணி நேரம் கழித்து மீட்புப் பட்டியல் வந்தது. வாக்கியங்களின் பெயர்கள் வரிசையாகத் திரையில் விழுந்தபோது ரூடி எழுந்து நின்றுவிட்டார். எல்லாம் இருக்கிறதே என்றார். கிரெய்க் முதல் பெயரைத் தட்டினான். எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற இரைச்சல் வந்தது. அடுத்தது. அதே இரைச்சல். பெயர்கள்தான் மிஞ்சியிருந்தன, உள்ளே இருந்தது போய்விட்டது. நிரம்பி வழிந்த கம்ப்யூட்டரில் ஆர்லீனின் குரல் விட்டுப்போன இடம் ஒன்றுதான் காலியாக இருந்தது. கிரெய்க்கின் சாஃப்ட்வேர் வந்து உட்கார்ந்தது அந்த இடத்தில்தான்.

நூறு தட்டினால் இரண்டு மூன்று வந்தன. "ரயில் எத்தனை மணிக்கு?" என்று ஆர்லீன் தெளிவாகக் கேட்டாள். "அந்த மரத்துக்குக் கீழே யாரும் இல்லை." யாரோ எழுதிக் கொடுத்த, யாருக்கும் சொல்லாத வாக்கியங்கள். அவள் சொந்தமாகச் சேர்த்தவை ஒன்றும் பிழைக்கவில்லை. ரூடி தேடிய பெயரைக் கிரெய்க் தட்டியபோது பாதி விநாடி மூச்சிழுக்கும் ஓசை கேட்டது. அவள் பேசத் தொடங்கும் முன் இழுக்கிற மூச்சு. பிறகு இரைச்சல்.

இதை வைத்துக் குரல் செய்ய முடியுமா என்று டெனிஸ் கேட்டாள். முடியாது என்றான். போனில் இருக்கிற பழைய செய்திகளை வைத்து? அது நாலைந்து நிமிஷம்கூடத் தேறாது, குரல் செய்யப் போதாது. கிளீவ்லண்டில் கெட்டுப்போன டிஸ்க்குகளைத் திறந்து பார்க்கிற இடம் ஒன்று இருந்தது. போன் பண்ணினான். மேலே எழுதாமல் விட்டிருந்தால் நம்பிக்கை உண்டு, எழுதிவிட்டால் நாங்கள் ஒன்றும் உறுதி சொல்ல மாட்டோம், கொண்டு வாருங்கள் பார்ப்போம் என்றார்கள். வெளி டிஸ்க்கில் எவ்வளவு எழுதப்பட்டது என்று கேட்டார்கள். பாதிக்கு மேல் என்று கிரெய்க் சொன்னான்.

போனை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். டெனிஸ் அவனைப் பார்த்தாள். போய்த் தொடலாம் என்று ஒரு கை எழுந்தது. பிறகு அது டிஸ்க்கைச் சுற்றி வைக்க ஒரு பழைய துண்டைத் தேடப் போயிற்று.

"அம்மாகிட்ட யாரு சொல்றது?" என்றாள்.

"நான்," என்றார் ரூடி.

* * *

மூவருமாகத்தான் போனார்கள். ஆர்லீன் விழித்திருந்தாள். கம்ப்யூட்டரைக் கழற்றிய சத்தம், போன் பேச்சு, நடுவில் வந்த அவளுடைய குரலே, எல்லாம் இந்தச் சின்ன வீட்டில் அவள் காதில் விழாமல் இருந்திருக்காது.

ரூடி படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துக்கொண்டார். அசைக்க முடியாத கை, ஆனால் தொட்டால் உணரும் கை.

"உன் குரலை நான் அழிச்சிட்டேன், ஆர்லீன். காலையில உன்னைக் கேட்கலாம்னு போனேன். கை பட்டுடுச்சு."

நான்தான் என்றான் கிரெய்க் பின்னாலிருந்து. டெனிஸும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரூடி திரும்பிப் பார்க்காமல் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். நடந்ததை அவரே சொன்னார். யார் மேலும் பழியைத் தள்ளாமல், யாரையும் விட்டுவிடாமல் சொன்னார். கிளீவ்லண்டையும் சொன்னார். அங்கே அவர்கள் நம்பிக்கை கொடுக்கவில்லை என்பதையும் சொன்னார்.

ஆர்லீனின் கண்கள் அவரை விட்டுத் திரைக்குப் போயின. எழுத்துகள் மேல் நகரவில்லை. நடுவில் எங்கோ நின்றன.

அப்போது அவள் தொண்டையிலிருந்து ஓசை ஒன்று வந்தது. சொல் இல்லை. ஏற்ற இறக்கமும் இல்லை. மூச்சு இருக்கிற வரை நீண்டு, மூச்சு தீர்ந்ததும் நின்று, மறுபடி தொடங்கியது. அழும்போது முகம் சுருங்கவேண்டும். அவள் முகத்தில் அதற்கான தசைகள் வேலை செய்யவில்லை. முகம் அமைதியாக இருந்தது. ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு மாதமாக இந்த வீட்டில் யாரும் கேட்காத அவளுடைய சொந்தக் குரல் அதுதான்.

கிரெய்க் தாங்க முடியாமல் வெளியே போய்விட்டான். ரூடி அவள் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டு, அது ஓயும்வரை அசையாமல் இருந்தார்.

டெனிஸ் சமையலறைக்கு வந்தாள். கிரெய்க் இரண்டு டிஸ்க்குகளையும் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை வேலைக்கு வர முடியாது என்று ஆபீஸுக்குச் சொல்லிவிட்டான். கிளீவ்லண்டுக்கு அவனே கொண்டு போகிறான். நானும் வருகிறேன் என்றாள் அவள். வேண்டாம், அம்மாவோடு இரு என்றான்.

"அப்பா இருப்பார். நானும் வரேன்," என்றாள் மறுபடி. மன்னித்துவிட்டதாக அதற்கு அர்த்தம் இல்லை. அது அவனுக்கும் தெரிந்தது. சரி என்று தலையாட்டினான்.

உள்ளிருந்து அந்தப் பொம்பளையின் குரல் கேட்டது. டெனிஸ், கிரெய்க் என்று இரண்டு பெயர்களை ஒரே தொனியில் சொன்னது.

போய் நின்றார்கள். ரூடி நகர்ந்து இடம் விட்டார். ஆர்லீனின் கண்கள் மெதுவாக, ஒவ்வோர் எழுத்திலும் நின்று நின்று, நெடுநேரம் நகர்ந்தன. நீளமாக எழுதுகிறாள் என்று டெனிஸ் நினைத்தாள். முடித்துவிட்டு அவள் மகளையும் மகனையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பேசும் பொத்தானைப் பார்த்தாள்.

"மூச்சுக் கருவி விஷயமா திங்கட்கிழமை டாக்டர் போன் பண்ணுவார். நானே பேசறேன். யாரும் எனக்காகப் பேச வேண்டாம்."

கிரெய்க் ஏதோ சொல்லப் போனான். டெனிஸ் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு தானே குனிந்து, அம்மாவின் காதோரம் கேட்டாள்.

"என்னம்மா சொல்லப்போறே?"

ஆர்லீன் கண்களை மூடிக்கொண்டாள்.

கண் திறந்திருந்தால்தான் அந்தத் திரைக்கு அவள் இருக்கிறாள். அது சிறிது நேரம் தேடிவிட்டு, தானாகவே மங்கிப்போனது. அவள் தூங்கவில்லை என்பது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரிந்தது.